சர்க்கரையைத் தின்னாத கிருமிக்குச் சர்க்கரைப் போர்வை

கேள்வி: எனக்கு 61 வயது, ஓய்வுபெற்ற ஆசிரியை. ஒன்பது ஆண்டுகளாக நீரிழிவு இருக்கிறது. காப்பியில் சர்க்கரை போடுவதை நிறுத்தி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. இருந்தும் பல் துலக்கும்போது ஈற்றிலிருந்து ரத்தம் வருகிறது. கீழ்க் கடைவாய்ப் பற்கள் இரண்டு லேசாக ஆடுகின்றன. வலி எதுவும் இல்லை. ஈற்றுக்கும் பல்லுக்கும் நடுவே 6 மில்லிமீட்டர் ஆழத்துக்குப் பை விழுந்திருப்பதாகச் சொல்லி, ஆழமாகச் சுத்தம் செய்ய வேண்டும் என்கிறார் பல் மருத்துவர். அப்படிச் செய்தால் பல் இன்னும் ஆடும் என்று அக்கம்பக்கத்தில் பயமுறுத்துகிறார்கள். நுண்ணுயிரியல் படித்த என் மருமகள், இந்தக் கிருமிகளின் மேல் சர்க்கரையாலான உறை இருக்கிறது என்கிறாள். சர்க்கரையையே விட்டுவிட்ட என் வாயில் அதற்குச் சர்க்கரை எங்கிருந்து கிடைக்கிறது? அந்த உறையைக் கரைக்க மருந்தோ தடுப்பூசியோ இருக்கிறதா? நல்லெண்ணெய் கொப்பளித்தால் கரையுமா? ஆறு வயதுப் பேரனுக்குப் பற்கள் சொத்தையாகியிருக்கின்றன. அதுவும் இதே கிருமியின் வேலைதானா?

பதில்:

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் மருமகள் சொன்னது முற்றிலும் சரி. ஈறு நோயை உண்டாக்கும் கிருமிகளின் மேற்பரப்பு சர்க்கரைத் தொடர்களால் மூடப்பட்டிருக்கிறது. ஆனால் அந்தச் சர்க்கரை உங்கள் காப்பி டம்ளரிலிருந்து போனதல்ல. கிருமி தனக்குள் தானே செய்துகொண்டது. ஆறு ஆண்டுகளாக நீங்கள் காத்துவரும் கட்டுப்பாடு உங்கள் ரத்தத்துக்கும் பற்களின் எனாமலுக்கும் நிச்சயம் நன்மை செய்திருக்கிறது. ஈற்றடியில் குடியிருக்கும் கிருமியை மட்டும் அது பட்டினி போடவில்லை. இதைச் சற்று விரிவாகவே விளக்க விரும்புகிறேன். காரணம் புரியாததால் ஆழச் சுத்தத்தைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்து, பல்லைக் காப்பாற்ற முடியாத நிலையில் என் முன்னால் உட்காருகிறவர்களை ஒவ்வொரு மாதமும் பார்க்கிறேன். நீங்கள் அந்த வரிசையில் சேரக்கூடாது.

குழப்பத்தின் வேர் சர்க்கரை என்ற சொல்லில் இருக்கிறது. கடையில் எடை போட்டுத் தரும் சர்க்கரை சுக்ரோஸ் என்னும் ஒரே பொருள். ஒரு குளுக்கோஸும் ஒரு ஃபிரக்டோஸும் இணைந்தது. வேதியியலிலோ சர்க்கரை என்பது பெரியதொரு குடும்பத்தின் பெயர். குளுக்கோஸ், கேலக்டோஸ், மனோஸ், ரம்னோஸ் என்று அதில் உறுப்பினர்கள் பலர் உண்டு. அவர்கள் ஒருவரோடொருவர் எந்த முனையில், எந்தத் திசையில் கைகோக்கிறார்கள் என்பதைப் பொறுத்துப் பொருளின் குணமே மாறிவிடும். நாம் உண்ணும் சோற்றின் மாவுச்சத்தும் உடுத்தும் பருத்திச் சேலையின் இழையும் குளுக்கோஸை மட்டுமே கோத்த சங்கிலிகள்தான். இணைப்பின் திசை மாறியதால் ஒன்று வாயில் மெல்லும்போதே இனிக்கத் தொடங்குகிறது; மற்றது நூறு முறை துவைத்தாலும் அப்படியே இருக்கிறது.

இந்த இணைப்பு வேறுபாடுகளை உயிரணுக்கள் எழுத்தைப் போலப் பயன்படுத்துகின்றன. ஏ ரத்தப் பிரிவுக்கும் பி ரத்தப் பிரிவுக்கும் உள்ள வேறுபாடு, சிவப்பணுவின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் சர்க்கரைத் தொடரின் நுனியில் இருக்கும் ஒரே ஒரு சர்க்கரைதான்: ஏ பிரிவில் அது என்-அசிட்டைல் கேலக்டோசமைன், பி பிரிவில் கேலக்டோஸ். அந்த ஒற்றை வேறுபாட்டை உடல் எவ்வளவு கடுமையாக எதிர்க்கும் என்பதை, பிரிவு மாற்றி ரத்தம் ஏற்றினால் நேரும் ஆபத்து காட்டிவிடும். நம் எதிர்ப்பாற்றல் அந்நியரை அடையாளம் காண்பதில் இந்த மேற்பரப்பு எழுத்துக்கும் பங்குண்டு. நோய்க் கிருமியும் அதே எழுத்தில் தன்னைக் காட்டிக்கொள்கிறது அல்லது தன்னை மறைத்துக்கொள்கிறது.

நீங்கள் நீரிழிவுக்காகப் பார்த்துவரும் ஹெச்.பி.ஏ.1.சி. பரிசோதனையை இங்கு நினைத்துக்கொண்டால் இன்னும் தெளிவாகும். ரத்தத்தில் மிகுந்துவிட்ட குளுக்கோஸ் ஹீமோகுளோபின் மேல் எவ்வளவு ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பதை அந்தப் பரிசோதனை அளக்கிறது. அது நொதி எதுவும் ஏவாமல், சர்க்கரை மிகுந்ததால் மட்டுமே தானாக நேரும் ஒட்டல். கிருமியின் மேலுள்ள சர்க்கரை அப்படி ஒட்டிக்கொண்டதல்ல. எந்தச் சர்க்கரைக்குப் பக்கத்தில் எது வரவேண்டும் என்று மரபணுவில் எழுதப்பட்ட வரிசைப்படி, ஒவ்வோர் இணைப்புக்கும் அதற்குரிய நொதி வேலை செய்து, தறியில் நெய்வதைப் போல நெய்தது. வெளியே சர்க்கரை குறைந்தாலும் அந்தத் தறி நிற்காது.

பேரனைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். கடைச் சர்க்கரைக்கு நேரடிப் பங்கு இருப்பது அவன் விஷயத்தில்தான். சொத்தைக்கு முக்கியக் காரணமான கிருமி ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ். 1924-ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்தில் ஜே. கிலியன் கிளார்க் சொத்தைப் பற்களிலிருந்து இதைப் பிரித்தெடுத்து விவரித்தார். இதன் சுவரில் ரம்னோஸும் குளுக்கோஸும் கலந்த தொடர் ஒன்று எப்போதும் இருக்கும். ரம்னோஸ் முதுகெலும்பாகவும் குளுக்கோஸ் அதன் கிளைகளாகவும் அமைந்திருக்கும். அந்தக் கிளைகள் சேரும் விதத்தை வைத்துத்தான் சி, இ, எஃப், கே என்று இந்தக் கிருமியை வகைப்படுத்துகிறார்கள். ரம்னோஸை மனித உடல் தயாரிப்பதில்லை என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்; பின்னால் அது தேவைப்படும். இதுவரை சொன்னது கிருமியின் சொந்தச் சட்டை. இதற்கு மேல் அது இன்னொன்றையும் செய்கிறது. நாம் சுக்ரோஸ் உண்ணும்போது, தான் வெளியே விட்டுவைத்திருக்கும் நொதிகளால் அதைப் பிளந்து, குளுக்கோஸை மட்டும் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்து, நீரில் கரையாத பசையொன்றைப் பல்லின் மேல் பூசிவிடுகிறது. சுக்ரோஸின் உள்ளே இருக்கும் அந்த இணைப்பிலேயே போதிய ஆற்றல் இருப்பதால், கிருமி தன் கையிலிருந்து எதையும் செலவழிக்காமல் இந்தப் பசையைச் செய்துகொள்கிறது. சோற்றின் மாவுச்சத்தை உடைக்கும் நம் எச்சில் நொதி இந்தப் பசையின் முன் செயலற்றுப்போகிறது. அது உடைக்கத் தெரிந்துகொண்ட இணைப்பு வேறு, இந்தப் பசையில் இருக்கும் இணைப்பு வேறு. பசைக்கு அடியில் கிருமி அமிலத்தைச் சுரக்க, எச்சில் உள்ளே புகுந்து அதை மாற்றுவதற்குள் எனாமல் கரையத் தொடங்கிவிடுகிறது.

வெல்லம், கருப்பட்டி, பனங்கற்கண்டு என்று மாற்றிக் கொடுத்தால் தப்பிக்கலாம் என்று பாட்டிமார் பலர் நினைக்கிறார்கள். அவற்றிலும் பெரும்பகுதி சுக்ரோஸ்தான். கிருமிக்கு வேறுபாடு தெரியாது. இரவில் பல் துலக்கிய பிறகு சர்க்கரை கலந்த பால் தருவதை நிறுத்துங்கள். இனிப்பு தர வேண்டுமென்றால் சாப்பாட்டோடு சேர்த்துத் தாருங்கள்; நாள் முழுவதும் சிறிது சிறிதாகத் தராதீர்கள். ஃபுளோரைடு உள்ள பற்பசையைப் பட்டாணி அளவு எடுத்து, அவன் துலக்கும்போது பெரியவர் ஒருவர் கூட நிற்கட்டும். சொத்தையான பாற்பற்கள் விழப்போகின்றவைதானே என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். அவனைப் பற்றி இவ்வளவு போதும்.

உங்கள் ஈற்றுக்கு வருவோம். சர்க்கரை இல்லாவிட்டால் ஈறு நோயும் இருக்காது என்ற எண்ணத்துக்கு நான் அறிந்த வலுவான மறுப்பு நமக்கு அண்டையில் கிடைத்தது. ஹரால்ட் லோ என்ற நார்வே நாட்டு ஆய்வாளரும் அவர் குழுவினரும் 1970-இல் தொடங்கி 1985 வரை இலங்கைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வாயைத் தொடர்ந்து பரிசோதித்தார்கள். தொடக்கத்தில் 480 ஆண்கள் அதில் இருந்தார்கள். பல் மருத்துவ வசதியே எட்டாத மக்கள் அவர்கள். பற்களில் காரை அடர்ந்திருந்தது. சொத்தையோ அநேகமாக இல்லை. அப்படியிருந்தும் அவர்களில் 8 சதவீதத்தினருக்கு ஈறு நோய் வேகமாகவும், 81 சதவீதத்தினருக்கு மிதமாகவும் முற்றியது. 11 சதவீதத்தினருக்கு மட்டுமே முற்றவில்லை. ஒரே வேலை, ஒரே உணவு, ஒரே அழுக்குப் படிவு என்றிருந்தும் மூன்று விதமான முடிவுகள். அந்த மனிதர்களின் பற்கள் கண்ணெதிரே உதிர்ந்துகொண்டிருந்ததை இந்த எண்கள் சொல்கின்றன. படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கும். சொத்தையும் ஈறு நோயும் வேறு வேறு வழியில் வருகின்றன என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

ஈறு நோயில் முன்னிற்கும் கிருமிகள் மூன்று. 1998-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகர ஆய்வாளர் சிக்மண்ட் சோக்ரான்ஸ்கியும் குழுவினரும், ஆழமான ஈறுப்பைகளில் சேர்ந்தே காணப்படும் போர்பைரோமோனாஸ் ஜின்ஜிவாலிஸ், டானரெல்லா ஃபோர்சிதியா, ட்ரெபோனிமா டென்டிகோலா ஆகிய மூன்றையும் சிவப்புக் கூட்டம் என்று பெயரிட்டுத் தொகுத்தார்கள். உங்கள் கேள்விக்கு நேரடி விடை தருவது இவற்றில் முதலாவது. போர்பைரோமோனாஸ் ஆற்றலுக்குச் சர்க்கரையை நம்பி வாழ்வதில்லை. புரதத்தை உடைத்து, அதன் துணுக்குகளைத் தின்று வாழ்கிறது. ஈறுப்பையில் கசியும் திரவத்திலும் ரத்தத்திலும் புரதத்துக்குப் பஞ்சமில்லை. ஆகவே நீங்கள் சர்க்கரையை நிறுத்தினாலும் நிறுத்தாவிட்டாலும் அதன் சமையலறையில் அடுப்பு எரிந்துகொண்டுதான் இருக்கும். அப்படி வாழும் கிருமி, தன் மேற்பரப்புக்கு வேண்டிய சர்க்கரைகளை மட்டும் உள்ளே தானே தயாரித்து வெளியே அனுப்புகிறது. தின்பதற்கு வேண்டாத சர்க்கரை உடுப்பதற்கு வேண்டியிருக்கிறது என்றால், அந்த உடை அதன் வாழ்வுக்கு எவ்வளவு இன்றியமையாதது என்று பாருங்கள்.

அந்த உடையில் பல அடுக்குகள் உண்டு. சில வகைக் கிருமிகளுக்கு வெளிப்புறமாகத் தடித்த சர்க்கரை உறை ஒன்று இருக்கும்; கே1 முதல் கே6 வரை ஆறு வகைகளாக அதைப் பிரித்திருக்கிறார்கள். உறையுள்ள வகைகளை விழுங்க வரும் வெள்ளையணுக்களுக்குப் பிடி எளிதில் கிடைப்பதில்லை. எலிகளுக்கு ஊசி மூலம் செலுத்திப் பார்த்தபோது, உறையில்லாதவை ஓரிடத்தில் சீழ்க்கட்டியாக நின்றுவிட, உறையுள்ளவை பரவிச் சென்றன. உறை இல்லாத வகைகளும் மனித வாயில் ஏராளமாக வாழ்கின்றன என்பதால், இந்த உறையை மட்டும் கரைத்துவிட்டால் நோய் தீரும் என்று சொல்ல முடியாது.

உறைக்கு அடியில் இருக்கும் லிப்போபாலிசாக்கரைடு என்ற அடுக்குதான் என் கவனத்தை எப்போதும் இழுப்பது. கொழுப்பாலான வேர் கிருமியின் வெளிச்சவ்வில் ஊன்றியிருக்க, அதிலிருந்து சர்க்கரைத் தொடர் வெளிநோக்கி நீண்டிருக்கும். போர்பைரோமோனாஸில் இத்தகைய தொடர்கள் இரண்டு விதமாக இருக்கின்றன. ஒன்றில் குளுக்கோஸ், ரம்னோஸ், என்-அசிட்டைல் கேலக்டோசமைன், கேலக்டோஸ் ஆகிய நான்கும் ஒரே வரிசையில் திரும்பத் திரும்ப வரும். மற்றொன்று மனோஸால் ஆன கிளைத்த தொடர். அதன் கிளைகளில் ஃபாஸ்பேட் சேர்ந்திருப்பதால் எதிர்மின்னூட்டம் கொண்டது. இந்த இரண்டாவது தொடர்தான், கிருமியின் கத்தரிக்கோல்கள் என்று நான் சொல்லும் ஜிஞ்சிபெயின் நொதிகளை மேற்பரப்போடு பிணைத்து வைக்கும் கயிறு. உள்ளே தயாராகும் நொதி வெளிச்சவ்வைக் கடந்து வந்ததும், அதன் வால் பகுதி வெட்டப்பட்டு, வெட்டிய இடத்தில் இந்தச் சர்க்கரைத் தொடர் பொருத்தப்படுகிறது. உங்கள் ஈற்றின் இழைகளையும், கிருமியைப் பிடிக்க வரும் எதிர்ப்புரதங்களையும், சிவப்பணுக்களின் ஹீமோகுளோபினையும் அறுப்பவை அந்தக் கத்தரிக்கோல்களே.

இதை ஆய்வகத்தில் கண்ணால் பார்க்க முடியும். ரத்தம் கலந்த அகர் என்னும் கூழ் நிரப்பிய தட்டில் ஆக்சிஜன் இல்லாத சூழலில் வளர்த்தால், ஒரு வாரத்துக்குள் இந்தக் கிருமியின் கூட்டங்கள் கன்னங்கறேலென்று மாறும். ரத்தத்திலிருந்து பிடுங்கிய ஹீம் என்னும் இரும்புப் பொருளை மேற்பரப்பில் அடுக்கிவைப்பதால் வரும் கறுப்பு அது. மனோஸ் தொடரைச் செய்யும் மரபணுக்களில் ஒன்று பழுதான கிருமியை அதே தட்டில் வளர்த்தால் கூட்டங்கள் வெளிறியே இருக்கும். கயிறு இல்லாததால் கத்தரிக்கோல்கள் மேற்பரப்பில் நிலைக்காமல் வெளியே சிதறிவிடுகின்றன. அதோடு, ரத்தநீரில் கிருமிகளைத் துளைத்துக் கொல்லும் காம்ப்ளிமென்ட் புரதங்களுக்கும் அது எளிதில் இரையாகிறது. மாணவப் பருவத்தில் இந்த இரண்டு தட்டுகளையும் அருகருகே வைத்துப் பார்த்த நாளில்தான், ஒரு சர்க்கரைத் தொடர் போனால் ஒரு நோய்க்கிருமி எவ்வளவு பலவீனமாகிவிடும் என்பது எனக்கு உறைத்தது.

வலி இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அதை ஆறுதலாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மேலே சொன்ன தொடர்களுக்கு வேராக நிற்கும் கொழுப்புப் பகுதிக்கு லிப்பிட் ஏ என்று பெயர். குளுக்கோசமைன் என்ற சர்க்கரை இரண்டு சேர்ந்த அடித்தளத்தில் கொழுப்புச் சங்கிலிகள் தொங்குவது அதன் அமைப்பு. குடலில் வாழும் ஈ. கோலையில் அந்தச் சங்கிலிகள் ஆறு, ஃபாஸ்பேட்டுகள் இரண்டு. அந்த வடிவத்தைக் கண்ட உடனே நம் அணுக்களின் காவல் ஏற்பி அபாயச் சங்கு ஊதும். போர்பைரோமோனாஸில் சங்கிலிகள் ஐந்து அல்லது நான்கு, ஃபாஸ்பேட்டுகளும் குறைவு. காவல் ஏற்பிக்கு அது சரியாகப் பிடிபடுவதில்லை. ஹீம் தாராளமாகக் கிடைக்கும்போது கிருமி நான்கு சங்கிலி வடிவத்தை மிகுதியாகச் செய்கிறது. அந்த வடிவம் சங்கை ஊதவிடாததோடு, பிற கிருமிகளின் லிப்பிட் ஏ வந்து ஊதப்போவதையும் மறிக்கக்கூடியது. ரத்தம் கசியும் ஈறு என்பது அந்தக் கிருமிக்கு ஹீம் வழங்கும் ஊற்று என்பதையும் சேர்த்து நினைத்துப் பாருங்கள். துலக்கும்போது தெரியும் ரத்தத்தைச் சிறு தொல்லையாக எண்ணக்கூடாது என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

டானரெல்லாவின் மேல் வேறு விதமான உடை இருக்கிறது. புரத மூலக்கூறுகள் சாளரக் கம்பிகளைப் போல ஒழுங்காக அடுக்கி நின்று கிருமியை முழுதாக மூடியிருக்கும். ஒவ்வொரு புரதத்தின் மேலும் பத்துச் சர்க்கரைகள் கொண்ட தொடர்கள் செருகப்பட்டிருக்கும். அந்தத் தொடரில், வகையைப் பொறுத்து, சூடமினிக் அமிலமோ லெஜியோனமினிக் அமிலமோ இருக்கும். இவை நம் அணுக்களின் நுனியில் இருக்கும் சயாலிக் அமிலத்துக்கு உருவத்தில் நெருங்கியவை. நம்மவர் போல வேடமிடும் சர்க்கரைகள் என்று சொல்லலாம். இந்த வேடம் எதிர்ப்பாற்றலின் போக்கைத் திசைதிருப்புவதை எலிகளில் கண்டிருக்கிறார்கள். தன் செல்சுவருக்கு வேண்டிய முராமிக் அமிலச் சர்க்கரையைத் தானே செய்யத் தெரியாமல், பக்கத்தில் வாழும் கிருமிகளிடமிருந்து வாங்கிக்கொள்ளும் கிருமி இது. ஒரு கிருமியை மட்டும் குறிவைத்து மருந்து தருவது ஏன் போதாது என்பதற்கு இந்த அண்டை வாழ்க்கை ஒரு காரணம்.

இப்போது மருந்தும் தடுப்பூசியும். சர்க்கரை உறையைக் காட்டித் தடுப்பூசி செய்வது புதிய எண்ணமல்ல. நிமோனியா கிருமியின் அடையாளம் அதன் சர்க்கரை உறைதான் என்பதை நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் நிறுவனத்தில் மைக்கேல் ஹைடல்பெர்கரும் ஆஸ்வால்ட் ஏவரியும் 1923-இல் காட்டினார்கள். இந்தியாவில் 2011 டிசம்பரில் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் முதலில் தொடங்கப்பட்ட பென்டாவேலன்ட் தடுப்பூசியில், மூளைக்காய்ச்சல் உண்டாக்கும் ஹிப் கிருமியின் உறைச் சர்க்கரை புரதத்தோடு இணைக்கப்பட்டு இருக்கிறது. உங்கள் பேரனும் கைக்குழந்தையாக இருந்தபோது அதைப் போட்டுக்கொண்டிருப்பான். அப்படியென்றால் ஈறுக் கிருமிக்கும் செய்யலாமே என்று கேட்பது நியாயம். செய்து பார்த்திருக்கிறார்கள்: கே1 உறைச் சர்க்கரையைச் செலுத்திய எலிகளில், அந்தக் கிருமியால் நேரும் தாடை எலும்பு இழப்பு தடுக்கப்பட்டது. சொத்தைக் கிருமியின் ரம்னோஸ் தொடரும் ஆய்வாளர்களின் கண்ணில் இருக்கிறது. நம் உடலில் இல்லாத சர்க்கரை என்பதால், அதைச் செய்யும் நொதிகளைத் தடுக்கும் மருந்து நம்மைத் தாக்காது என்ற நம்பிக்கை அதற்குக் காரணம். இருந்தும் மனிதருக்குப் பயன்படும் ஈறு நோய்த் தடுப்பூசியோ சொத்தைத் தடுப்பூசியோ இன்றுவரை சந்தைக்கு வரவில்லை. கிருமிகள் பல, ஒவ்வொன்றிலும் உறை வகைகள் பல, தடுப்பூசியால் வரும் எதிர்ப்புரதத்தையே வெட்டிப்போடும் கத்தரிக்கோல்கள் வேறு. வரும் நாளுக்காக நானும் ஆவலோடு காத்திருக்கிறேன்; உங்கள் கடைவாய்ப் பற்கள் அதுவரை காத்திருக்க முடியாது.

நல்லெண்ணெய் கொப்பளிப்பது பற்றிக் கேட்டீர்கள். உங்களுக்குப் பழக்கமாக இருந்தால் தொடர்வதில் தவறில்லை. வாயில் தளர்ந்து கிடப்பவை அதனால் வெளியேறும். உறையைக் கரைக்குமா என்றால், கரைக்காது. சர்க்கரை நீரை விரும்பும் பொருள், எண்ணெயில் கரையாது. ஒரு தேக்கரண்டிச் சர்க்கரையை எண்ணெயில் போட்டுக் கலக்கிப் பார்த்தால் உங்களுக்கே தெரிந்துவிடும். அதோடு, கொப்பளிக்கும் எண்ணெயோ உப்புநீரோ 6 மில்லிமீட்டர் ஆழப் பையின் அடிக்குச் சென்று சேர்வதில்லை. மருத்துவர் எழுதித் தரும் குளோர்ஹெக்சிடின் வாய்க்கழுவியின் நேர்மின்னூட்டம், கிருமியின் மேற்பரப்பில் இருக்கும் ஃபாஸ்பேட்டுகளின் எதிர்மின்னூட்டத்தைப் பற்றிக்கொண்டு வேலை செய்கிறது. ஆனால் அதுவும் ஈற்றுக்கு மேலே பல்லில் படிந்திருக்கும் கிருமிப் படலத்துக்குத்தான் உதவும். சில வாரங்களுக்கு மேல் தொடர்ந்தால் பல்லில் கறை படியும், நாவின் சுவையும் மாறும். மருந்துக்கடையில் நீங்களாகக் கேட்டு ஆன்டிபயாடிக் வாங்கி விழுங்க வேண்டாம். படலமாகச் சேர்ந்து, தம்முடைய பசைக்குள் புதைந்து வாழும் கிருமிகளிடம் அந்த மருந்து தனியாகச் சென்று சாதிப்பது குறைவு. படலத்தைக் கலைத்த பிறகு, தேவையென்று மருத்துவர் கருதினால் மட்டுமே அதற்கு இடமுண்டு.

ஆகவே உறையோடும் கயிற்றோடும் கத்தரிக்கோலோடும் சேர்த்து அந்தப் படலத்தை வேரின் மேலிருந்து சுரண்டி எடுப்பதுதான் இன்றைக்கு நம்மிடம் இருக்கும் உறுதியான வழி. சர்க்கரைத் தொடர் எந்த வகை, எத்தனை கிளை என்ற ஆராய்ச்சியெல்லாம் சுரண்டும் கருவிக்குத் தேவையில்லை. அதன் பெருமையே அதுதான். மரத்துப்போக ஊசி போட்டு, இரண்டு அல்லது நான்கு அமர்வுகளில் செய்வார்கள். சுத்தம் செய்தால் பல் ஆடும் என்று அக்கம்பக்கத்தில் சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. எலும்பு ஏற்கெனவே கரைந்துபோன பற்களை, கெட்டியான காரை ஒன்றோடொன்று ஒட்டிச் சேர்த்துப் பிடித்திருக்கும். காரையை எடுத்ததும் அதுவரை மறைந்திருந்த ஆட்டம் வெளிப்படும். வீங்கியிருந்த ஈறு சுருங்குவதால் பல் நீண்டுவிட்டது போலவும் சில நாள் கூச்சமாகவும் இருக்கும். ஈறு இறுகத் தொடங்கியதும் லேசாக ஆடும் பற்கள் பெரும்பாலும் முன்பைவிட உறுதிப்படுகின்றன.

உங்கள் நீரிழிவுக்கும் இதற்கும் தொடர்பு இரண்டு பக்கமும் ஓடுகிறது. ரத்தச் சர்க்கரை கட்டுக்குள் இல்லாதபோது வெள்ளையணுக்கள் சோர்கின்றன, புண் ஆறத் தாமதமாகிறது, ஈறு நோய் விரைந்து முற்றுகிறது. அதேபோல் ஈற்றில் நீடிக்கும் அழற்சி ரத்தச் சர்க்கரையைக் கட்டுப்படுத்த விடுவதில்லை. பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், ஆழச் சுத்தம் செய்துகொண்ட நீரிழிவு நோயாளிகளின் ஹெச்.பி.ஏ.1.சி. மூன்று, நான்கு மாதங்களில் சுமார் 0.4 சதவீதப் புள்ளி குறைந்திருக்கிறது. சிறியதாகத் தோன்றும் இந்தக் குறைவு, கூடுதலாக ஒரு மாத்திரை சேர்ப்பதால் கிடைக்கும் பலனில் கணிசமான பங்குக்கு நிகரானது. இதை நம்பி மாத்திரையை நீங்களாகக் குறைத்துவிடக்கூடாது. அதை உங்கள் நீரிழிவு மருத்துவர் முடிவு செய்யட்டும்.

பல் மருத்துவரிடம் போகும்போது கடைசியாக எடுத்த ஹெச்.பி.ஏ.1.சி. அறிக்கையையும், உட்கொள்ளும் மாத்திரைகளின் பட்டியலையும், ரத்தம் உறையாமலிருக்க ஏதேனும் மருந்து எடுத்தால் அதன் விவரத்தையும் கையோடு கொண்டுபோங்கள். காலை உணவையும் மாத்திரையையும் தவிர்க்காமல் முற்பகலில் நேரம் கேளுங்கள். வீட்டில் மென்மையான தூரிகையை ஈற்றோரத்தில் சாய்த்துப் பிடித்து இரண்டு வேளையும் துலக்குங்கள். பல்லிடுக்குகளுக்கு அவற்றின் அகலத்துக்கேற்ற சிறு தூரிகை எதுவென்று மருத்துவரிடமே காட்டச் சொல்லி, இரவில் அதைப் பயன்படுத்துங்கள். தொடக்கத்தில் ரத்தம் வருகிறதே என்று அஞ்சி நிறுத்த வேண்டாம். கரியும் செங்கல்தூளும் வேண்டவே வேண்டாம்.

சுத்தம் முடிந்து ஆறு முதல் எட்டு வாரங்கள் கழித்து, அதே பற்களில் அதே இடங்களில் மறுபடியும் ஆழம் அளக்கச் சொல்லுங்கள். 6 என்று எழுதிய இடத்தில் இப்போது என்ன எண், அளவுகோல் தொட்ட இடத்தில் ரத்தம் கசிகிறதா என்ற இரண்டையும் கேட்டு ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். 4 அல்லது அதற்குக் கீழே வந்து, கசிவும் நின்றிருந்தால், மூன்று மாதத்துக்கு ஒரு முறை பராமரிப்புச் சுத்தம் போதும். அந்த இடைவெளியை மட்டும் தவறவிடாதீர்கள், ஏனென்றால் கலைத்த படலம் மீண்டும் கூடத் தொடங்கிவிடும். ஏதேனும் ஓரிடத்தில் எண் குறையாமலே நின்றால், அங்கே மட்டும் ஈற்றைத் திறந்து வேரைக் கண்ணால் பார்த்துச் சுத்தம் செய்யும் சிறு அறுவை தேவைப்படலாம். அப்போது எனக்கு மறுபடி எழுதுங்கள். இரண்டு அளவுகளையும் எக்ஸ்ரே படத்தின் விவரத்தையும் சேர்த்து அனுப்பினால், அந்தக் கடைவாய்ப் பற்களைப் பற்றி இன்னும் தெளிவாகச் சொல்ல முடியும்.